மாமன் மடியும் தம்பி புல்லட்டும்

ஒரு மோட்டார் சைக்கிள் மேல் பொறாமைப்படுவது லேசான வேலை இல்லை. மனுஷன் மேல் பொறாமை என்றால் அவனிடம் நாலு குறை கண்டுபிடித்து மனசை ஆற்றிக்கொள்ளலாம். வண்டியிடம் என்ன குறை கண்டாலும் அதற்கு ரசிகர்கள்தான் கூடுகிறார்கள். எண்ணெய் ஒழுகினால் ‘பழைய வண்டின்னா அப்படித்தான்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் ‘இன்னிக்கு மூடு சரியில்ல போல’ என்று சிரிக்கிறார்கள். நான் ஒருநாள் காலையில் கடை திறக்காமல் அடம்பிடித்தால் யாராவது அப்படிச் சொல்வார்களா?

வண்டி என் தம்பியுடையது. பழைய மாடல் புல்லட். இப்போது ரோட்டில் போகிறவற்றைப் போல இல்லாமல், கியர் வலது காலுக்கும் பிரேக் இடது காலுக்கும் இருக்கிற மாடல். கறுப்பு டேங்க், அதில் கையால் இழுத்த தங்கக் கோடு. செங்கல்பட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் வீட்டில் கோழிகள் அடைந்துகொண்டிருந்த வண்டியை மினி லாரியில் ஏற்றி வந்து, மாதக்கணக்கில் பிரித்துப் போட்டு, தேடித் தேடிச் சாமான் வாங்கி மாட்டினான். முதல் தடவை அது ஸ்டார்ட் ஆனபோது எங்கள் தெருவே வாசலுக்கு வந்தது. நானும் வந்தேன். ‘சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே’ என்று சொன்னேன். அந்தச் சத்தத்தில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

எனக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் விதை, உரம், பூச்சிமருந்துக் கடை. வீடு ஊரைத் தாண்டி, திருப்புலிவனம் போகிற வழியில். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மனையில் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு வேப்பமரம், அதன் நிழல் முழுக்க அவன் வண்டிக்கு. என் வாகனம் மொபெட். முன்னால் இரண்டு யூரியா மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் நான். தம்பி உயரத்தில் அப்பா மாதிரி. நான் அம்மா மாதிரி. கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கும்போது ‘அண்ணா நீங்க முன்னாடி வந்துடுங்க’ என்று போட்டோக்காரர் சொல்வார். மூத்தவன் என்ற மரியாதையில் சொல்வதாகத்தான் நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தங்கை. ஏனாத்தூரில் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு ஒரே பெண் குழந்தை. இதற்குமேல் வேண்டாம் என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் குழந்தையை வைத்துத்தான் எனக்கும் அந்த வண்டிக்கும் சண்டை.

பாப்பா கைக்குழந்தையாக இருந்தபோது எதற்காவது வீறிட்டு அழ ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்தான். பால் வேண்டாம், தாலாட்டு வேண்டாம், கிலுகிலுப்பை வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தவள் பட்டென்று நிறுத்தி, கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு கேட்டாள். அன்றையிலிருந்து அதுதான் மருந்து. அம்மா என்ற வார்த்தைக்கு அடுத்து அவள் வாயில் வந்தது ‘டுப்டுப்’. அப்பாவே அதற்கப்புறம்தான் வந்தார். மாமா இன்னும் தள்ளி வந்தது. அதிலும் தம்பி ‘டுப்டுப் மாமா’, நான் வெறும் ‘பெரிய மாமா’. ஒரு வண்டி வைத்திருக்கிற காரணத்துக்காக ஒருத்தனுக்குப் பட்டப்பெயரே கிடைத்துவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. பொம்மை வாங்கினேன், பலூன் வாங்கினேன், மணி அடிக்கிற மூன்று சக்கர சைக்கிள் வாங்கினேன். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். வாங்கிய கையோடு வேப்பமரத்தடிக்கு ஓடிப்போய் வண்டியிடம் காட்டுவாள். ‘டுப்டுப், பாரு’ என்பாள். தம்பி அவளைத் தூக்கி டேங்க் மேல் உட்கார வைத்தால் குப்புறப் படுத்து அதைக் கட்டிக்கொள்வாள், கன்னம் அந்தத் தங்கக் கோட்டில் பதிய. நான் வாங்கிய பலூன் காற்றில் பக்கத்துக் கழனிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் தம்பி கழனி மோட்டார் கொட்டகைக்குப் போயிருந்தான். பாப்பா வண்டியைக் காட்டி ‘டுப்டுப், டுப்டுப்’ என்று அடம்பிடித்தாள். யார் உதைத்தால் என்ன, வண்டி வண்டிதானே என்று எனக்கு ஒரு வேகம். அவன் செய்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். இடது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன லீவர் இருக்கும். அதை அமுக்கிப் பிடித்தால் எஞ்சினுக்குள் அடைந்திருக்கிற காற்று புஸ்ஸென்று போகும். மெதுவாகக் கிக்கரை அழுத்தி, ஆம்பியர் மீட்டரில் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. ஓடுகிற வண்டியை நிறுத்துவதற்கும் அதே லீவர்தான். எல்லாம் தெரியும். முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்கிற பொறுமைதான் என்னிடம் இல்லை. ஏறி ஒரு உதை விட்டேன். கிக்கர் திருப்பி உதைத்தது. முழங்காலுக்குக் கீழே நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. ஒற்றைக் காலில் குதித்தேன். பாப்பா கைதட்டி, ‘மாமா, இன்னொரு வாட்டி’ என்றாள்.

சாயங்காலம் வீங்கின காலில் தைலம் தேய்த்துக்கொண்டே என் வீட்டுக்காரி கேட்டாள்: “அந்த வண்டியாண்ட உங்களுக்கு இன்னா வேல?”

“கொயந்த கேட்டுது.”

“கொயந்த வண்டியத்தான் கேட்டுது. உங்கள கேக்கல.”

அவளுக்குப் பேசத் தெரிந்த அளவுக்குத் தைலம் தேய்க்கத் தெரியாது.

இங்கே மடி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அப்பன் மடி கிடையாது, பெரியப்பன் சித்தப்பன் மடி கிடையாது. தாயோடு பிறந்தவன் மடி. ஒன்றுக்கு மேல் மாமன்கள் இருந்தால் மூத்தவன். தம்பிக்கு இரண்டு பெண்கள். அவர்களுக்குக் காது குத்தியபோது என் தம்பி பெண்சாதியின் அண்ணன் பட்டு வேட்டியோடு வந்து மனைப்பலகையில் உட்கார்ந்தார். பெரியப்பனுக்கு அங்கே தட்டு பிடிக்கிற வேலை. நல்லாத்தான் பிடித்தேன்.

எனக்குக் குழந்தை இல்லை. காஞ்சிபுரம், சென்னை என்று வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். ஒருநாள் பஸ்ஸில் திரும்பி வரும்போது என் வீட்டுக்காரி ‘போதுங்க’ என்றாள். நானும் போதும் என்றேன். அதற்கப்புறம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசவில்லை என்பதற்காக மறந்துவிட்டதாக அர்த்தமில்லை. ஒரு குழந்தை என் மடியில் உரிமையோடு உட்கார வேண்டுமானால், ஊர் அறிய, சாமி அறிய உட்கார வேண்டுமானால், அது என் தங்கை குழந்தை மட்டும்தான். அதுவும் ஒரே ஒரு தடவை. அதனால் பாப்பா பிறந்த அன்றே அந்த மடியை நான் மனசுக்குள் தயாராக வைத்துவிட்டேன். மொட்டையை மாமன் மடி இல்லாமலே திருப்பதியில் போட்டுவிட்டு வந்தார்கள். போகட்டும், காதுதான் எனக்கு முக்கியம்.

பாப்பாவுக்கு மூன்று வயசு ஓடிக்கொண்டிருந்தபோது நாள் குறித்தார்கள். திருப்புட்குழிக்குப் பக்கத்தில் தங்கை வீட்டுக்காரர்களின் குலதெய்வக் கோயிலில் விசேஷம். தங்கை போன் செய்தாள். ரொம்ப நேரம் சமையல்காரர், பந்தல், சாப்பாடு என்று சுற்றிச் சுற்றிப் பேசினாள். நேராக விஷயத்துக்கு வருகிறவள் சுற்றினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

“அண்ணா, மடி விசயமா அத்த ஒண்ணு சொல்றாங்க.”

“இன்னா சொல்றாங்க?”

“பாப்பா சின்னண்ணாகிட்டதான் நல்லா ஒட்டிக்கினு கீது, அந்த வண்டினால. அவன் மடியில வெச்சா அயாம இருக்கும்னு...”

“சரி.”

“நீ ஒண்ணும் நெனச்சிக்காத.”

“நான் இன்னா நெனைக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த பிறகு நினைத்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது.

என் வீட்டுக்காரி கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கையிலிருந்த புடவையை உதறினாள். “வண்டியாவது ஒண்ணாவது. புள்ள இல்லாதவன் மடியில வெக்கவேணாம்னு அந்தம்மா நெனைக்குது. அத வாய் தொறந்து சொல்ல முடியாம வண்டி மேல போடுது” என்றாள். அவ்வளவு நேராக அவள் சொல்லியிருக்க வேண்டாம். எனக்கும் அது போன் பேசும்போதே தெரியும். ஆனால் அதை நம்பினால் நான் எப்படிச் சோறு தின்பது, எப்படிக் கடை திறப்பது? அதனால் வண்டிதான் காரணம் என்று நம்புவதென முடிவு செய்தேன். வண்டி என்றால் அதற்கு ஏதாவது செய்யலாம். இன்னொரு வண்டி வாங்கலாம்.

என் கடை வாசலில்தான் ஒரகடம் போகிற கம்பெனி பஸ்கள் நிற்கும். எங்கள் ஊர்ப் பையன்கள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அதில் சிலர் இதே வண்டி செய்கிற பாக்டரிக்குப் போகிறவர்கள். இங்கிலாந்தில் யாரோ துரை ஆரம்பித்த கம்பெனி. அங்கே எப்போதோ மூடிவிட்டார்களாம். வண்டி மட்டும் நம் மாவட்டத்துக்கு வந்து, ஏரிப் பாசனம் செய்கிறவன் பிள்ளை கையால் நட்டு முடுக்கப்பட்டு, திரும்பவும் இங்கிலாந்துக்கே கப்பலில் போகிறதாம். அப்பனுக்கு நெல் விதை வாங்க வருகிற பையன்களிடம் நான் மாடல் மாடலாக விசாரிக்க ஆரம்பித்தேன். கிளாசிக் எப்படி, ஹன்ட்டர் எப்படி, ஹிமாலயன் எப்படி, இரட்டை சைலன்சர் வைத்த பெரிய எஞ்சின் எப்படி என்று கேட்டுக் கேட்டு, பூச்சிமருந்து பெயர்களைப் போல அவையும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. மரச்சட்டம் போட்ட என் கடைக் கண்ணாடியில் என்னை நானே ஹிமாலயன் மேல் பார்த்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

காஞ்சிபுரம் ஷோரூமுக்கு யாரிடமும் சொல்லாமல் போனேன். வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். கோயில் யானைகளைப் பார்த்த மாதிரி அண்ணாந்து பார்த்தேன். ஹிமாலயனில் ஏறி உட்கார்ந்ததும் என் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. கிளாசிக்கில் ஒரு பக்கக் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. ஷோரூம் பெண் நல்ல பெண், சிரிக்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு, “சார், உங்களுக்கு மீட்டியார் பாக்கலாம், சீட்டு நல்லா கீய எறங்கி இருக்கும்” என்றாள். ஏறினேன். இரண்டு பாதமும் பச்சென்று தரையில் பதிந்தன. தம்பி வண்டியில் எனக்கு என்றைக்கும் கிடைக்காத சுகம் அது. பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட், கிக்கர் என்று ஒன்றே கிடையாது, திருப்பி உதைக்க ஆளே இல்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று தம்பிதான் முதலில் ஓடி வந்தான். “அண்ணா! சொல்லவே இல்ல! சூப்பரா கீதுண்ணா!” என்று கட்டிக்கொண்டான். அவனே எலுமிச்சம்பழம் எடுத்து வந்து சக்கரத்துக்கு வைத்தான். இதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். அவனிடம் ஒரு அற்பக் குணமாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். நான் புது வண்டி வாங்கினால் வயிறு எரிய வேண்டியவன், எலுமிச்சம்பழம் வைக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தேன். பளபளவென்று இருந்த டேங்கைப் பார்த்து அவள் கண் விரிந்தது. பட்டனை அமுக்கினேன். வண்டி கிளம்பியது. நிஜமாகவே மரியாதையான சத்தம், ஆஸ்பத்திரி வாசலில்கூட ஓட்டலாம். பாப்பா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஏதோ பாக்கி வர வேண்டியது போலக் காத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, “இது டுப்டுப் இல்ல மாமா” என்றாள்.

“இதுவும் டுப்டுப்தான்மா. அதே கம்பெனி. இது புது டுப்டுப்.”

“இல்ல. இது சும்மா ஓடுது.”

மரத்தடிக்குப் போய்விட்டாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற பையனிடம் கேட்டேன். “அண்ணே, அது பயசு, வார்ப்பு இரும்பு எஞ்சினு. அந்த சவுண்டு இதுல வராது. இது ஸ்மூத்து. அதுக்காகத்தான் செய்யிறது” என்றான். எவ்வளவோ யோசித்து, ஆடாமல் அதிராமல் ஓட வேண்டும் என்று செய்த வண்டி. என் வீட்டில் மட்டும் அதுவே அதற்கு வினையாகிவிட்டது. என் மீட்டியார் அதற்கப்புறம் யூரியா மூட்டை தூக்க ஆரம்பித்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

விசேஷத்துக்கு முந்தின வாரம் தங்கை மறுபடி போன் செய்தாள். குரல் லேசாக இருந்தது. “அண்ணா, நீயே மனையில ஒக்காருண்ணா. சின்னண்ணா இங்க வந்து அத்தகிட்ட சொல்லிட்டான். அண்ணன் கீறப்போ நான் எப்படி ஒக்காருவேன், அந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு நேராவே சொல்லிட்டான்.” எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்தது. என் உரிமையாக இருந்தது அவன் கொடுத்ததாக ஆகிவிட்டதே. அந்தப் பழைய வண்டியில் டுப்டுப்பென்று ஏனாத்தூர் வரை போய் எனக்காக வாதாடிவிட்டு வந்திருக்கிறான். போய் வந்ததைப் பற்றி என்னிடம் மூச்சுகூட விடவில்லை.

விசேஷ நாள். ஏரிக்கரை ஓரம், பனைமரங்களுக்கு நடுவில் சின்னக் கோயில். சுவர்கூட இல்லை. வெளியில் பந்தல் போட்டு மனை போட்டிருந்தார்கள். பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். தங்கை பாப்பாவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். புதுப் பட்டுப்பாவாடை, எண்ணெய் மினுக்குகிற தலை, மல்லிகைப்பூ. என் மடியில் ஒரு குழந்தையின் கனம் எப்படி இருக்கும் என்று நான் நினைத்து வைத்திருந்தேன். நினைத்ததைவிடச் சூடாக இருந்தது.

ஆசாரியைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். ஆரம்பித்தாள். அப்படி ஒரு கத்தலை அந்த ஏரி கேட்டிருக்காது. முதுகை வளைத்து, என் மீசையைப் பிடித்து இழுத்து, நழுவி மனையிலிருந்து தரைக்கே போய்விட்டாள். வெல்லம் கலந்த பொட்டுக்கடலையைக் காட்டினார்கள், போனில் பொம்மைப் படம் காட்டினார்கள். “டுப்டுப், டுப்டுப்” என்று அதையே சொல்லிக் கதறினாள். ஆசாரி, “இப்படி ஆட்னா ஓட்ட எடம் மாறிப்பூடும்பா” என்று கம்பியைக் கீழே வைத்தார்.

தங்கையின் மாமியார் கூட்டத்தின் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். “நான் அப்பவே சொன்னேன். சின்னவரு மடியில வெச்சிருந்தா இந்த பேஜாரே இல்ல” என்றார். பொதுவாகச் சொன்ன மாதிரிதான் சொன்னார். அத்தனை பேரும் என் மடியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேட்டி கசங்கி, காலியாக இருந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எழுந்துவிடலாம் என்று தரையில் கை ஊன்றினேன்.

அப்போது கூட்டத்துக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. தம்பி பனைமரத்தடியிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு பந்தலுக்குள்ளேயே வந்துவிட்டான். மனைக்குப் பக்கத்தில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைக்காமல் இறங்கினான்.

“அண்ணா, வண்டி மேல ஒக்காரு. பாப்பாவ மடியில வெச்சிக்கோ.”

“மனையில இல்ல ஒக்காரணும்?”

“மடிதாண்ணா முக்கியம். மன எங்க இருந்தா இன்னா? ஏறுண்ணா.”

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் மாப்பிள்ளை, “சும்மா இரும்மா” என்றார். நான் பட்டு வேட்டியோடு அந்த வண்டியில் ஏறினேன். என்னை உதைத்த வண்டி. இரண்டு காலும் தொங்கின. எனக்கு எதிரில் நின்று தம்பி ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தங்கை பாப்பாவைத் தூக்கி என் மடியில் வைத்தாள். அவள் அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது. டேங்க் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டாள். வண்டியின் அதிர்வு அவள் முதுகு வழியாக என் வயிற்றுக்கு வந்தது. இதற்காகத்தான் இவள் ஓடுகிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

“ஆடுற வண்டியில கம்பி வெக்க மாட்டேம்பா” என்றார் ஆசாரி.

“நான் கண் காட்னதும் ஆஃப் பண்றேன். அப்ப குத்திடுங்க” என்றான் தம்பி.

ஆசாரி குனிந்தார். தம்பி அந்தச் சின்ன லீவரை அமுக்கினான். புஸ்ஸென்று வண்டி அடங்கியது. திடீரென்று அத்தனை அமைதி. பாப்பா ‘ஏன் நின்னுச்சு’ என்று டேங்கைக் குனிந்து பார்த்தாள். அதற்குள் ஒரு காது முடிந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கினாள். தம்பி பக்கவாட்டில் வந்து உதைத்தான், மறுபடி டுப்டுப். உதடு உள்ளே போயிற்று.

இரண்டாவது தடவை அவளை ஏமாற்ற முடியவில்லை. தம்பியின் கை லீவருக்குப் போவதைப் பார்த்துவிட்டாள். வண்டி அடங்குவதற்கு முன்பே டேங்கை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, என் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். டேங்கைக் கட்டிக்கொள்வாளே, அதே மாதிரி, கன்னம் பதிய. சத்தம் நின்றது. அவள் மூச்சு மட்டும் என் கழுத்தில் சூடாக வந்து போனது. ஆசாரி இன்னொரு காதையும் முடித்தார். அவள் ஒரு தடவை என்னை இறுக்கினாள், அவ்வளவுதான்.

எல்லாரும் கைதட்டினார்கள். அவள் என்னை விடவில்லை. நானும் விடவில்லை. “இன்னாண்ணா?” என்று தம்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். “பொக. உன் வண்டி பொக கண்ணுல பட்டுது. மொதல்ல அத்த சரி பண்ணு” என்று எரிந்து விழுந்தேன். அவன் தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதிலும் எண்ணெய் வாடை.

இது போன வருஷம் நடந்தது. நான் ஏதோ ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை மாமியாரோடு வந்திருந்தாள். எல்லாரும் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். மணிலாக்கொட்டை வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள் என் வீட்டுக்காரி. பாப்பா வழக்கம்போல டேங்க் மேல் இருந்தாள், காதில் குட்டித் தோடு. எதிர்வீட்டம்மா வந்து அவள் தோட்டைத் தொட்டுப் பார்த்து, “யாரு மடியில ஒக்காந்து கண்ணு காது குத்திக்கின?” என்று கேட்டார். நான் மணிலா உரிப்பதை நிறுத்திவிட்டேன்.

“டுப்டுப் மடியில” என்றாள் பாப்பா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாமியார்தான் அதிகம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? ஒரு வருஷமாக நான் என்னுடையது என்று வைத்திருந்ததை அவள் ஒரே வார்த்தையில் எடுத்து அந்த வண்டிக்குக் கொடுத்துவிட்டாள்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. “ஏ குட்டி, பெரிய மாமா மடியிலடி” என்றான்.

பாப்பா யோசித்தாள். என்னைப் பார்த்தாள்.

“ஆமா. பெரிய மாமா அயுதாரு. நான் அயவே இல்ல.”

சிரிப்பு நின்றுவிட்டது. மாமியார் கையிலிருந்த மணிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அயுவல கண்ணு. வண்டி பொக கண்ணுல பட்டுச்சு” என்றேன்.

“பொக இல்ல” என்றாள் பாப்பா. “அப்ப டுப்டுப் ஆஃப் ஆயிட்டுது மாமா.”

தம்பி தோளிலிருந்த துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.